பக்கத்துக் காம்பரா சொல்வதற்கு முன்: தத்தெடுத்த பிள்ளையும் சேர்ந்து வளரும் மலையக வீட்டுக்கு ஒரு கையேடு

பிள்ளையைத் தத்தெடுத்த பெற்றோர் முதலில் கேட்பது, "எந்த வயசுல சொல்றது?" என்பதுதான். மதில் கட்டிய தனி வீட்டில் வாழ்பவர்களுக்கு இதை யோசிக்க ஓரளவு நேரம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான காம்பராவில், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையும் சண்டையும் ஒன்றாகவே வந்து சேரும் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அந்த நேரம் கிடையாது. அம்மாவுக்கு வயிறு தெரியாமலே பிள்ளை வந்ததைத் தோட்டமே பார்த்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் ஆயாவுக்குத் தெரியும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியும், தண்ணீர்ப் பீலிக்கரையில் துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது பிள்ளைக்கு மட்டும். ஆகவே இங்கே சொல்லலாமா வேண்டாமா என்பதற்கு இடமே இல்லை. நீங்கள் சொல்கிறீர்களா, ஊர் சொல்கிறதா என்பதுதான் மிச்சம். கீழே உள்ள எல்லாம் நீங்கள்தான் முதலில் சொல்லப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியவை.

முதலில் காகிதம்

வளர்ப்பது வேறு, மகவேற்பு, அதாவது சட்டப்படி தத்தெடுப்பது, வேறு. அம்மா மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய், பிள்ளையை அம்மாயியோ சித்தியோ வளர்ப்பது மலையகத்தில் வழமை. அது பராமரிப்பு, சட்டப்படி பிள்ளை இன்னும் பெற்றவர்களுடையதுதான். சொந்தப் பிள்ளையாக ஆக்கிக்கொள்ள வேண்டுமானால் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றக் கட்டளை வேண்டும். பிள்ளை 14 வயதுக்குக் குறைந்திருக்க வேண்டும். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதத்தையும் நீதிமன்றம் கேட்கும். ஏற்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நெருங்கிய உறவுக்குள் எடுக்கும்போது இந்த வயது வித்தியாச விதியில் விலக்கு உண்டு. மாகாண நன்னடத்தைத் திணைக்களத்து உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். லயத்துக் காம்பரா என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிள்ளை எங்கே படுக்கும், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வைத்திருங்கள்.

ஆஸ்பத்திரியில் பெற்றவளிடமிருந்து நேரே வாங்கி, தங்கள் பெயரிலேயே பிறப்பைப் பதிந்துகொள்ளும் குறுக்கு வழியை "எல்லாரும் செய்றதுதான்" என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். அது பொய்ப் பதிவு, குற்றம். பிள்ளைக்காகப் பணம் கைமாறுவதும் அப்படியே. பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் அந்தக் காகிதத்தை வைத்து யாராவது மிரட்டலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

கட்டளை கிடைத்ததும் வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் தனியாக எழுதி வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும், புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பிஸ்கட் தகரத்தில், துணியில் முடிந்த ஒரு பிடி வறுத்த அரிசியோடு வைத்தால் தாங்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அரிசியை மாற்றுங்கள். சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். முத்திரையைத் தடவிப் பார்க்க வேண்டிய அலுவலகங்களில் சிக்கல் வரும்.

வந்த முதல் வாரங்கள்

சிறுவர் இல்லத்திலிருந்து வரும் ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை யார் கை நீட்டினாலும் தாவும். "பாருங்க, என்னா பாசம்!" என்று லயமே மகிழும். அதில் ஏமாற வேண்டாம். நேரத்துக்கு ஒரு ஆள் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு "என் ஆள்" என்று ஒருவர் இருந்ததில்லை, அதனால்தான் எல்லாரிடமும் போகிறது. அதற்கு மருந்து, சில வாரங்களுக்குப் பிள்ளையின் உலகத்தைச் சுருக்குவது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, படுக்கவைப்பது, விழுந்தால் தூக்குவது, இந்த நான்கையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்ய வேண்டும். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாம், விளையாட்டுக் காட்டலாம்; சோற்று உருண்டை மட்டும் உங்கள் கையிலிருந்தே போகட்டும். குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் மூன்று மாதம்.

பார்க்க வரும் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்துவது லயத்தில் லேசான காரியமில்லை, கோபித்துக்கொள்வார்கள். "கிளினிக் மிஸ் கொஞ்ச நாளைக்கு யாரும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சொன்னால் போதும். மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரும் அதையே சொல்வார்.

பெயரை மாற்றாதீர்கள். பிள்ளை தன்னோடு கொண்டுவந்த ஒரே சொத்து அதுதான். எண்சாத்திரத்துக்கோ குடும்ப வழக்கத்துக்கோ இன்னொரு பெயர் வேண்டுமென்றால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். வரும்போது போட்டிருந்த உடுப்பையும் போர்வையையும் முதல் இரண்டு மூன்று வாரம் துவைக்காமல் படுக்கையில் வையுங்கள். பழைய வாடை போனால் இரவு அழுகை கூடும். பிறகு துவைத்துக் காயவைத்து அந்தப் பிஸ்கட் தகரத்துக்குப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். பின்னால் அது கேட்கப்படும்.

அம்மா கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வரும். பிள்ளைக்காம்பராவில் ஒரே நாளில் எட்டு மணி நேரம் விட்டால் பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: மறுபடியும் ஒரு இல்லம், மறுபடியும் நிறையத் தொட்டில்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் உள்ளே ஒரு மணி நேரம் உட்காருங்கள். அடுத்த இரண்டு நாள் அரை மணி நேரம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு சாப்பாட்டு வேளை வரை, பிறகு தூக்கம் வரை. போகும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "கொழுந்து நிறுத்துட்டு வந்துருவேன்" என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு வாருங்கள். பிள்ளைக்கு மணிக்கூடு தெரியாது, கொழுந்து நிறுக்கும் நேரம் மூன்றே நாளில் பழகிவிடும். நீங்கள் உடுத்தும் சீத்தைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து ஆயாவிடம் கொடுங்கள். தூங்கும்போது கையில் பிடித்துக்கொள்ளும்.

தலையணைக்கடியில் ரொட்டி

புதிதாக வந்த பிள்ளையின் தலையணையைத் தூக்கினால் கடித்த ரொட்டித் துண்டு, பிசைந்த சோறு, பாதி பிஸ்கட் கிடக்கலாம். எறும்பும் வந்திருக்கும். இது திருட்டல்ல. பங்கிட்ட சாப்பாட்டில் பிந்தினால் கிடைக்காது என்று கற்றுக்கொண்ட உடம்பு அது. திட்டினால் ஒளிக்கும் இடம்தான் மாறும். மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றை எடுத்து, பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, "இது ஒன்னோடது, எப்ப வேணுன்னாலும் எடுக்கலாம்" என்று சொல்லுங்கள். தினமும் காலையில் பிள்ளை பார்க்கும்படி அதில் இரண்டு பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் வையுங்கள். அது ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. காலியான டப்பா டப்பாவே இல்லாததைவிட மோசம். மற்றப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சண்டை அதைப் பற்றித்தான். சில மாதங்களில் புதியவள் அதைத் திறந்து பார்ப்பதையே மறந்துபோவாள்.

படுக்கையில் மூத்திரம் போவதும் அப்படித்தான். ஐந்து வயது வரை எந்தப் பிள்ளைக்கும் சாதாரணம். வீடு மாறிய பிள்ளைக்கு நின்ற பழக்கம் திரும்பவும் வரும். மலைநாட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. மலசலகூடம் லயத்துக்குப் பின்னால், இருட்டில், பனியில். பெரியவர்களே போக யோசிக்கும்போது நான்கு வயதுப் பிள்ளை அடக்கிக்கொண்டு படுக்கத்தான் செய்யும். கதவோரம் ஒரு மூடி போட்ட வாளி வையுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். நீங்கள் படுக்கப்போகும்போது ஒருமுறை எழுப்பி மூத்திரம் இருக்கவையுங்கள். மெத்தைக்கு மேல் உரப்பையைப் பிரித்துக் கழுவி விரித்து, அதன்மேல் பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டால் காலையில் சேலை மட்டும்தான் துவைக்க வேண்டியிருக்கும். நனைந்ததை முன்வாசல் இஸ்தோப்பில் ஊர் பார்க்கக் காயப்போடாதீர்கள். பின்பக்கக் கொடி இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் "மூத்திரச் சட்டி" என்று ஒருமுறை கூப்பிட்டால் அந்தப் பட்டம் பள்ளிக்கூடம் வரை போகும். முதல் தடவையிலேயே அடக்கிவிடுங்கள்.

சாப்பாடு, தேத்தண்ணி, இருமல்

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு முக்காலிலிருந்து ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 200 தொடக்கம் 250 மில்லிலீற்றர், நாளுக்கு மூன்று நான்கு தடவை. இடையில் ஒன்றிரண்டு தடவை பழம், அவித்த கிழங்கு. குழைந்த சோற்றோடு பருப்பு, ஒரு முட்டை அல்லது இடித்த நெத்தலி, பொடியாக நறுக்கிய கீரை, அரைத் தேக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால் ஒரு நேரச் சாப்பாடு முழுமை. எடை குறைந்திருந்தால் கிளினிக்கில் திரிபோஷ சத்துமா கொடுப்பார்கள். ஒரு பைக்கற்று 750 கிராம். நாளுக்கு 50 கிராம் கணக்கில் பதினைந்து நாள். வீட்டில் எல்லாரும் உருண்டை பிடித்துத் தின்றால் மூன்று நாள். பிறகு "திரிபோஷ குடுத்தும் எடை ஏறல" என்று மிட்வைஃபிடம் முறையிட்டுப் பலனில்லை.

தேயிலைக்காட்டில் நின்று இதைச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது, என்றாலும்: சின்னப் பிள்ளைக்குச் சோற்றோடு சாயத்தண்ணி கொடுக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைத் தேயிலையின் சாயம் உடம்பில் சேரவிடாது. ரொட்டியைச் சாயத்தில் தொட்டு வயிற்றை நிரப்பிய பிள்ளை வெளிறிப்போய், சோர்ந்து, வகுப்பில் தூங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பழக்கத்தை விட முடியாவிட்டால் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு கொய்யாவோ தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

தடுப்பூசி அட்டை இல்லாமல் வரும் பிள்ளைகள் உண்டு. இடது மேற்கையில் பீ.சீ.ஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் விடுபட்டவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள். வழமையான கணக்கு 2, 4, 6 மாதம். 9 மாதத்தில் எம்.எம்.ஆர் (தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா), 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 18 மாதம், 3 வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர், 5 வயது. விடுபட்டதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, எதை எப்போது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். கிளினிக்கில் "குடும்பத்துல யாருக்காவது ஆஸ்துமா, சீனி, வலிப்பு?" என்று கேட்கும்போது உங்கள் குடும்ப நோய்களைச் சொல்லாதீர்கள். "தெரியாது" என்று எழுதச் சொல்லுங்கள். பொய்யான விபரம் பிள்ளையின் அட்டையில் ஆயுசுக்கும் கிடக்கும்.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் தை, மாசியில் காலைப்பனி புல்லில் வெள்ளையாக உறையும். விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் பிள்ளைக்கு இருமல் நிற்காது. பிள்ளையை அடுப்படியில் தூங்கவைக்காதீர்கள், குளிருக்கு இதமாக இருந்தாலும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வெறும் சளி அல்ல. இரண்டு மாதத்துக்கும் குறைந்த சிசுவானால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே வைத்தியசாலைக்கே போங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். லொறியோ ஆட்டோவோ, எது கிடைக்கிறதோ அதில் ஏற்றுங்கள்.

இரண்டு வயிறு, ஒரே வீடு

வீட்டில் பெற்ற பிள்ளைகளும் இருந்தால், புதியவர் வரப்போவதை ஒரு மாதத்துக்கு முன்பாவது சொல்லுங்கள். "ஒனக்கு விளையாட தங்கச்சி வருது" என்று ஆசை காட்டாதீர்கள். வருகிற பிள்ளை பொம்மையை உடைக்கும், இரவெல்லாம் அழும், அம்மாவின் மடியில் இருந்து இறங்காது. "கொஞ்ச நாளைக்கு அம்மா அவகூடத்தான் நெறைய நேரம் இருப்பேன், ஒனக்கு எரிச்சல் வரும், வந்தா எங்கிட்ட வந்து சொல்லு" என்பதுதான் நேர்மையான பேச்சு. பிறகு மூத்த பிள்ளைக்கென்று தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிப் போனாலே போதும்.

சமமாக நடத்துவது என்றால் ஒரே அளவு என்று அர்த்தமில்லை. சப்பாத்து கிழிந்தவனுக்குச் சப்பாத்து, குடை உடைந்தவளுக்குக் குடை. ஆனால் தீபாவளி முற்பணத்தில் உடுப்பு எடுக்கும்போது மட்டும் ஒரே கடையில், ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே விலையில் எடுத்துவிடுங்கள். புதுத்துணியை ஊர் பார்க்கும், விலையை ஊகிக்கும். ஊர் ஊகித்தது பிள்ளையின் காதுக்கு வரும். தத்தெடுத்த பிள்ளைக்கு அதிகம் செய்து ஈடுகட்டுவதும் வேண்டாம். அது அவளைச் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக்கும், மற்றவர்களை எதிரியாக்கும். வாளி தூக்குவது, அரிசி பொறுக்குவது, கோழிக்கு இரை போடுவது எல்லாம் அவள் பங்குக்கும் உண்டு.

சண்டையில் ஒருநாள் அந்த வார்த்தை வரும்: "நீ எங்கம்மா வயித்துல பொறக்கல." பதறாதீர்கள். அடித்தால் அது ஆயுதமாகிவிடும். சொன்னவனைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல், "ஆமா, அவ வேற அம்மா வயித்துல பொறந்தா. நாந்தான் அவளுக்கும் அம்மா. இப்ப பென்சிலு யாரோடது, அதச் சொல்லு" என்று பென்சில் பிரச்சினைக்கே திருப்பிவிடுங்கள். தெரிந்த உண்மைக்குக் கத்தியின் கூர் இருக்காது. இரவு, மூத்தவனோடு தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அவனுடைய பயம், தன்னையும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டு பேச்சை வீட்டில் அடியோடு நிறுத்த வேண்டும். ஒன்று, நம் வீடுகளில் காலகாலமாக வரும் கேலி: "ஒன்ன தவுட்டுக்கு வாங்குனோம்", "குப்பமேட்டுல கெடந்த." பெற்ற பிள்ளைக்கு அது வேடிக்கை. இந்தப் பிள்ளைக்கு அது தகவல். மாமாவும் தாத்தாவும்தான் இதை அதிகம் சொல்வார்கள், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மற்றது, "சொன்னது கேக்கலன்னா ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவேன்." என்ன ஆத்திரம் வந்தாலும் இதைச் சொல்லாதீர்கள். வேறு பிள்ளைக்கு வெறும் மிரட்டலாகத் தெரிவது இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது.

சொல்லும் விதம்

பேச்சு வராத வயதிலேயே தொடங்குங்கள். குளிப்பாட்டும்போதும் தலை துவட்டும்போதும் "ஒன்ன கூட்டிட்டு வந்த அன்னிக்கு என்னா மழை தெரியுமா" என்று கதை போல. வந்த நாள், யார் கூட வந்தார்கள், பஸ்ஸில் என்ன நடந்தது, முதலில் என்ன சாப்பிட்டாள், எல்லாம் உண்மையான விபரங்களாக இருக்கட்டும். இந்த வயதில் பிள்ளைக்கு அர்த்தம் புரியாது. பயிற்சி உங்களுக்குத்தான்: அந்தச் சொற்கள் தொண்டையில் சிக்காமல் வரப் பழகிக்கொள்கிறீர்கள்.

மூன்று, நான்கு வயதில் லயத்தில் யாராவது முழுகாமல் இருப்பார்கள். "நானும் ஒங்க வயித்துல இருந்தேனா?" என்று கேட்கும். அப்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

"இல்ல பாப்பா. நீ இன்னொரு அம்மா வயித்துல இருந்து பொறந்த. அவங்களால அப்ப எந்தப் புள்ளையையும் வளக்க முடியாத நெலம. நாங்க ஒரு புள்ள வேணுமுன்னு கேட்டோம். கோர்ட்டுல ஐயா, நீ எங்க புள்ளன்னு எழுதிக் குடுத்தாரு. இனி எப்பவும் நீ எங்க புள்ளதான்."

இதில் "எந்தப் புள்ளையையும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். "ஒன்ன வளக்க முடியல" என்றால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "அவங்களுக்கு ஒம்மேல ரொம்பப் பாசம், அதான் குடுத்துட்டாங்க" என்பதும் ஆபத்து, நீங்களும் பாசம் என்றுதானே சொல்கிறீர்கள்? "காசில்லாததால குடுத்துட்டாங்க" என்றால், மாதக் கடைசியில் வீட்டில் அரிசி தீரும்போதெல்லாம் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். பெற்றவளைக் கெட்டவள் என்று சொன்னால், கெட்டவளின் பிள்ளை நான் என்று ஆகிவிடும். தெரியாததற்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். கதை கட்டினால் பத்து வருடம் கழித்தும் அதே கதையை மாறாமல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஏழு, எட்டு வயதில்தான் கணக்குப் புரிகிறது. எனக்கு ஒரு வீடு கிடைத்தது என்றால், அதற்கு முன் ஒரு வீடு இல்லாமல் போயிருக்கிறது. அதுவரைக்கும் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மௌனமாகும், படிப்பில் பின்தங்கும், பொருட்களை உடைக்கும். "சொன்னதால்தான் இப்படி ஆனது, சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்று இந்தக் கட்டத்தில் வீட்டில் ஒருவராவது சொல்வார். அது துக்கம், அதற்கு ஆறுதல் சொல்லி மூடிவிட முடியாது. "அவங்க நெனப்பு வருதா?" என்று நீங்களே கேளுங்கள். முகம் பார்த்துப் பேச வராத பிள்ளைகள் நடக்கும்போது பேசும். பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றத்தில் சேர்ந்து நடந்து வரும் அரைமணி நேரம் நல்ல நேரம்.

சொந்தபந்தம்

"என்னா ஆளுக?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பிள்ளையின் சாதியை விசாரிக்கிறார்கள். தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள், பெற்றவளின் கதையும் அப்படித்தான். அது பிள்ளைக்குச் சொந்தமான கதை, அவள் கேட்பதற்கு முன் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தெரிந்திருக்கக் கூடாது. "எங்க ஆளுகதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போங்கள்.

உறவுக்காரர்கள் உண்மையில் ஏற்றுக்கொண்டார்களா என்பது சடங்குகளில்தான் தெரியும். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு மடி கொடுத்த மாமன் இந்தப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும், சீரும் அதே அளவில். பெரிய பிள்ளையாகும்போது முதல் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான். நாள் குறித்த பிறகு மாமன் தயங்கினால் சபையில் பிள்ளை கூசிப்போகும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்பே அண்ணனிடமோ தம்பியிடமோ அம்மாவே நேரில் போய்க் கேட்க வேண்டும், தூது விட வேண்டாம். மறுத்தால், வேறு முறைமாமன் ஒருவரை உட்காரவைத்துச் சடங்கை நடத்துங்கள். ஒரு பிள்ளைக்கு நடத்தி இன்னொரு பிள்ளைக்கு நிறுத்தாதீர்கள்.

பள்ளிக்கூடம்

முதலாம் வகுப்புக்கு, அந்த வருடம் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். காகிதம் தாமதமாகும் என்று தெரிந்தால் முந்திய வருடமே அதிபரைப் பாருங்கள். அதிபருக்கும் வகுப்பு டீச்சருக்கும் மட்டும் மகவேற்பைச் சொல்லுங்கள், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் குடும்பத்தைப் பற்றிய பாடம் வரும்: குடும்ப மரம் வரை, நீ குழந்தையாக இருந்த படம் ஒட்டு. குழந்தைப் படம் இல்லாத பிள்ளை அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். "சின்ன வயசுப் படம்" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமே என்று டீச்சரிடம் முதல் தவணையிலேயே சொல்லிவிடலாம். அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது உதவும். வகுப்பில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை வீட்டில் ஒத்திகை பாருங்கள்: "ஆமா, எங்கம்மா அப்பா என்ன தத்தெடுத்தாங்க. வெளையாட வர்றியா?"

மழைக்காலத்து வெள்ளைச் சீருடை எல்லா வீட்டுக்கும் பொதுவான தலைவலி. வந்ததும் கழற்றி, அன்றே துவைத்து, உலர்ந்த துவாயில் சுருட்டிப் பிழிந்து, அடுப்புப் புகை படாத உள்ளறைக் கொடியில் போடுங்கள். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைக் காகிதத்தைத் திணித்து, படுக்கும் முன் ஒருமுறை காகிதத்தை மாற்றினால் காலையில் போடலாம். அடுப்பின் மேல் வைத்தால் அடி பிரிந்துவிடும். வழியில் அட்டை கடிக்காமல் இருக்க, காலுறைக்கு மேல் கணுக்கால் சுற்றி ஈரச் சவர்க்காரம் தேய்த்து அனுப்புங்கள்.

பதினைந்து வயதில்

தேசிய அடையாள அட்டை 15 வயதில் எடுக்க வேண்டும். பாடசாலை மாணவருக்கு விண்ணப்பம் அதிபர் வழியாகப் போகும். அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் சில பிள்ளைகள் தங்கள் சான்றிதழை முதன்முதலில் வாசிக்கிறார்கள். அதனால் எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே தகரத்தைத் திறந்து ஒவ்வொரு காகிதத்தையும் காட்டிவிடுங்கள். "என்னப் பெத்தவங்களப் பாக்கணும்" என்று கேட்டால் நன்றி கெட்ட பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ்புக்கில் பெயரைப் போட்டுத் தேடும் முன் உங்களிடம் கேட்டது நல்லதே. அங்கே தேடினால் யார் பதில் சொல்வார்கள், எதற்காகச் சொல்வார்கள் என்று தெரியாது. மறுபக்கத்தில் இருப்பவளுக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கலாம், பழைய கதை அங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். கொப்பியில் எழுதி வைத்த வழக்கு இலக்கத்தோடு மாகாண நன்னடத்தை அலுவலகத்துக்குச் சேர்ந்து போய்க் கேளுங்கள். பஸ்ஸில் ஏறும் முன்பே, கிடைக்காமலும் போகலாம், கிடைத்தும் பார்க்க மறுக்கலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். போவதா வேண்டாமா என்று பிள்ளை நாள் தள்ளினால் தள்ளட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்த வயதில் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, வீட்டிலோ வெளியிலோ யாராவது தொந்தரவு செய்வதாகச் சொன்னாலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உங்களிடம் சொல்லக் கூச்சப்படும் விடயத்துக்குப் பிள்ளையே தனியாகவும் அழைக்கலாம். இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால், எல்லாப் பிள்ளைகளின் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.